நகரத்துப் பெண்களையும் கரும்புக்காட்டுப் பெண்களையும் எடையில் ஒப்பிடுவது எப்படி: கோயில் மகளிர் பிரிவுகளுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற குடியிருப்புகளில் வாழும் பெண்களுக்கும், வடக்கே ஸ்டாங்கரையும் தெற்கே உம்சிண்டோவையும் சூழ்ந்த கரும்புக் காடுகளுக்கு நடுவே வாழும் பெண்களுக்கும் உடற்பருமனில் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதைக் கோயில் மகளிர் பிரிவு ஒன்று தானே அளந்து அறிந்துகொள்ளலாம். அதற்கு ஒரு நல்ல எடைக்கருவியும், இரண்டு அளவு நாடாக்களும், உதவிக்கு நான்கைந்து பேரும் போதும். அளப்பது கடினமில்லை. அளந்தவற்றை ஒப்பிடும்போதுதான் தவறு நேர்கிறது. தவறான ஒப்பீட்டிலிருந்து பிறக்கும் அறிவுரை இரு தரப்புப் பெண்களுக்கும் பொருந்தாமல் போகிறது.

நகரத்துப் பெண் உட்கார்ந்தே இருப்பதால் பருமனாகிறாள், தோட்டத்துப் பெண் உழைப்பதால் ஒல்லியாக இருக்கிறாள் என்ற பழைய எண்ணத்தோடு முகாமைத் தொடங்க வேண்டாம். அந்த எண்ணம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். டர்பன் அடங்கிய இன்றைய குவாசுலு-நட்டால் மாநிலத்தில் அதை நம்பி நாட்டுப்புறத்துப் பெண்களை அளக்காமல் விட்டால், அங்கே சத்தமில்லாமல் வளர்ந்துவரும் நோய் கண்ணில் படாது.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் 2016-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட மக்கள்தொகை மற்றும் உடல்நல ஆய்வின்படி, 15 வயதைக் கடந்த பெண்களில் 68 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். ஆண்களில் அது 31 விழுக்காடு. ஐந்து பெண்களில் ஒருவர் கடுமையான உடற்பருமன் என்னும் நிலையில், அதாவது எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண் 35-ஐத் தாண்டிய நிலையில் இருந்தார். இத்தகைய நாட்டில் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே இடைவெளி இருந்தாலும், அது பருமனுக்கும் ஒல்லிக்கும் இடையிலான இடைவெளியாக இருக்க முடியாது. இரு புறமும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் எல்லையைக் கடந்தே நிற்கிறார்கள். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பருமனான தாயும் வளர்ச்சி குன்றிய பிள்ளையும் ஒரே அடுப்படியில் உண்பது இங்கே அரிதல்ல. வயிறு நிறைவதும் சத்துக் கிடைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

உலக அளவில் பார்த்தால், 2019-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வு, 200 நாடுகளின் நிலையை 1985 முதல் 2017 வரை 11 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களின் அளவீடுகளைக் கொண்டு மதிப்பிட்டது. அந்தக் காலத்தில் நாட்டுப்புறப் பெண்களின் சராசரிக் குறியீட்டெண் சுமார் 2.1 அலகும், நகரப் பெண்களின் சராசரி சுமார் 1.35 அலகும் உயர்ந்தன. உலகின் எடைப் பெருக்கத்தில் பாதிக்கு மேல் நாட்டுப்புறத்திலிருந்து வந்தது என்பது பலரையும் வியப்பில் ஆழ்த்திய முடிவு. ஆனால் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கப் பெண்கள் இதற்கு விலக்கு என்றும் அந்த ஆய்வு குறிப்பிட்டது: அங்கே நகரப் பெண்களின் எடையே வேகமாக ஏறியது. ஆகவே நாளிதழில் படித்த உலகச் செய்தியை அப்படியே நம் ஊருக்கு ஒட்டவைக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் கட்டுரையையும் அப்படித்தான் கையாள வேண்டும்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு வரலாறும் இதில் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை வந்தடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். பெண்கள் களை எடுத்தார்கள், நீர் சுமந்தார்கள், கீரைக் கட்டுகளைச் சந்தைக்குத் தூக்கிச் சென்றார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் அந்த நிலங்களிலிருந்து மக்களைப் பெயர்த்து, 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கும், 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஃபீனிக்ஸுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிறு முற்றம், பேருந்து, துணி ஆலையில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் அமர்ந்த வேலை என்று ஒரே தலைமுறையில் பெண்களின் உடலுழைப்பு மாறியது. இன்று எழுபது வயதாகும் ஒரு பாட்டி தோட்டத்தில் பிறந்து நகரியத்தில் முதுமை அடைந்தவராக இருக்கக்கூடும். அவரை "நகரம்" என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டால் இந்தக் கதை முழுவதும் மறைந்துபோகும்.

யாரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது

இதை முகாமுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அளந்து முடித்தபின் தீர்மானித்தால், விரும்பிய விடை வரும்படி வரையறை வளைந்துகொடுக்கும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு நாட்டை நகரப் பகுதி, மரபுவழித் தலைவர்களின் ஆளுகைக்குட்பட்ட பகுதி, பண்ணைப் பகுதி என மூன்றாகப் பிரித்தது. நமக்கும் இந்த மூன்றே பொருத்தமானவை. கரும்புப் பண்ணையின் குடியிருப்பில் வாழும் பெண்ணும், மலைச்சரிவில் மரபுவழி நிலத்தில் வீடு கட்டியிருக்கும் சுலுப் பெண்ணும் இருவருமே நாட்டுப்புறத்தவர் எனினும், அவர்களுடைய நீர், கடை, வருமானம் மூன்றும் ஒன்றாக இருப்பதில்லை. டொங்காட், வெருலம் போன்ற ஊர்கள் இன்னும் சிக்கலானவை: நகராட்சி எல்லைப்படி அவை டர்பன் பெருநகரத்தைச் சேர்ந்தவை, ஆனால் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் கரும்பு.

என் பரிந்துரை இது. முகவரியை மட்டும் நம்பாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இப்போது எங்கே வாழ்கிறீர்கள், அங்கே எத்தனை ஆண்டுகளாக, பதினைந்து வயது வரை எங்கே வளர்ந்தீர்கள். இதனால் நகரத்திலேயே பிறந்தவர், நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர், நாட்டுப்புறத்திலேயே இருப்பவர் என மூன்று தொகுதிகள் தாமாகவே அமையும். நடுவிலிருக்கும் தொகுதிதான் பெரும்பாலும் அதிகம் கற்பிக்கும்.

இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் இன்று நகரவாசிகள் என்பதால், தமிழ்ப் பெண்களை மட்டும் அளந்தால் நாட்டுப்புறத் தொகுதி மிகச் சிறியதாக இருக்கும். அக்கம்பக்கத்துச் சுலுப் பெண்களையும் அழைப்பது நல்லது. ஆனால் அப்படி அழைத்தால் தமிழ்ப் பெண்களின் எண்களைத் தனியாகவும் சுலுப் பெண்களின் எண்களைத் தனியாகவும் எழுத வேண்டும். நகரத் தொகுதியில் தமிழரும் நாட்டுப்புறத் தொகுதியில் சுலுக்களும் நிறைந்திருந்தால், நீங்கள் இனத்தை அளந்துவிட்டு இடத்தை அளந்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அளக்கும் நாள்

இரு இடங்களிலும் ஒரே மாதத்தில் அளவெடுங்கள். தைப்பூசக் காவடிக்கு முன்னும், புரட்டாசி மாதத்திலும் நம் பெண்களில் பலர் புலால் நீக்கி விரதமிருப்பார்கள். தீபாவளிக்குப் பின் நிலைமை நேர்மாறு. நகரத்தில் புரட்டாசியிலும் நாட்டுப்புறத்தில் தீபாவளி கழிந்தும் அளந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. திருவிழா நாளன்று அளக்கவே கூடாது. பட்டுச்சேலை ஒரு கிலோவையும் தாண்டக்கூடும், கொண்டையும் பூவும் உயரத்தைக் கூட்டும், யாருக்கும் பொறுமையும் இருக்காது. குளிர்காலமாகிய ஜூன், ஜூலை மாதங்களில் அளப்பதானால், ஜெர்சியையும் சால்வையையும் கழற்றிவைக்க ஒரு வெதுவெதுப்பான அறை வேண்டும்.

எடைக்கருவியைக் கம்பளத்தின்மேல் வைக்காமல் கெட்டியான தரையில் வையுங்கள். காலையில் தொடங்குமுன் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கடையில் விற்கும் 2.5 கிலோ சர்க்கரைப் பொட்டலங்கள் நான்கை அதன்மேல் அடுக்குங்கள். 10 கிலோவிலிருந்து 200 கிராமுக்கு மேல் விலகினால் அந்தக் கருவியை ஒதுக்குங்கள். ஆயினும் 10 கிலோவில் சரியாகக் காட்டும் கருவி 80 கிலோவில் பிசகலாம் என்பதால், ஒரே உதவியாளர் இரு முகாம்களிலும் ஒரே கருவியில் ஏறி நின்று பார்ப்பதும் நல்லது. கருவி 150 கிலோ வரை மட்டுமே தாங்குவதாக இருந்தால், அதற்கு மேற்பட்ட எடையுள்ள ஒருவர் அனைவர் முன்னிலையிலும் கூசிப்போக நேரும். 200 கிலோ தாங்கும் கருவியையே வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள்.

காலணி, கைப்பேசி, சாவிக்கொத்து, தலைப்பாகைத் துணி ஆகியவற்றை நீக்கியபின் எடை பார்க்க வேண்டும். உயரத்துக்கு, சுவரில் செங்குத்தாக ஒட்டிய நாடாவும் தலைமேல் வைக்க ஒரு நேரான பலகையும் தேவை. குதிகால், பிட்டம், தோள்பட்டை சுவரில் பட, பார்வை நேர்முன்னே இருக்க வேண்டும். கொண்டையை அவிழ்க்கச் சொல்வது சில மூத்த பெண்களுக்குப் பிடிக்காது. அவர்களிடம் அதைக் காதுக்குக் கீழே இறக்கிக் கட்டச் சொன்னால் போதும். முதுகு வளைந்தவர்களுக்கு உயரம் எடுத்துக் குறியீட்டெண் கணக்கிடுவதில் பயனில்லை. அவர்களுக்கு வயிற்றுச் சுற்றளவு மட்டுமே எடுங்கள்.

வயிற்றுச் சுற்றளவுதான் அதிகம் பிழைபடும் அளவு. கடைசி விலா எலும்பின் அடிப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, உடலின் பக்கவாட்டில், அளவு எடுக்க வேண்டும். சேலை கட்டியவர்களின் உள்பாவாடை நாடா பெரும்பாலும் அதே இடத்தில்தான் இறுகியிருக்கும். அதைத் தளர்த்தாமல் அளந்தால் ஓரிரு சென்டிமீட்டர் குறையும். இயல்பாக மூச்சை வெளியே விட்டபின், நாடா சதையை அழுத்தாதபடி, தரைக்கு இணையாக வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மீண்டும் இரண்டு முறை அளக்க வேண்டும். அளப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், திரைக்குப் பின்னால் அளக்க வேண்டும், எண்ணை உரக்கச் சொல்லக் கூடாது. கடைசியாகச் சொன்னதை மீறும் முகாமுக்கு அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள், அது நியாயமும்தான்.

கருவுற்றவர்களையும், மகப்பேறு முடிந்து இரண்டு மாதம் ஆகாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்குத் தேநீரும் இருக்கையும் கொடுங்கள்.

ஒரு சட்டக் கடமையும் உண்டு. போப்பியா எனப்படும் 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழு வலிமையோடு நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத் தகவல் அதில் தனிப் பாதுகாப்புப் பெற்றது. படிவத்தில் பெயருக்குப் பதிலாக எண் எழுதி, பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலைத் தனியே பூட்டிவைத்து, எதற்காக அளக்கிறோம் என்பதைச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெறுங்கள். முடிவுகளை ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால், பல்கலைக்கழகம் ஒன்றின் அறநெறிக் குழுவின் ஒப்புதல் முன்னரே வேண்டும். படிவத்தை ஆங்கிலத்திலும் சுலு மொழியாகிய இசிசுலுவிலும் அச்சிடுங்கள். தமிழில் தேவாரம் பாடத் தெரிந்த நம் பெண்களிலேயே பலருக்குத் தமிழ் எழுத்துப் படிவம் பயன்படாது.

எந்த எல்லைக்கோடு

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். 1.55 மீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்டவருக்கு அது 25.8. பொதுவான எல்லைப்படி 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடற்பருமன். ஆனால் தெற்காசிய வழிவந்தவர்களுக்கு அதே எண்ணில் கொழுப்பு அதிகமாகவும், அதுவும் வயிற்றுக்குள்ளேயே சேர்ந்தும் இருப்பதால், நீரிழிவு முன்கூட்டியே வருகிறது. இதனால் ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என உலக நல நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் பரிந்துரைத்தது.

ஆகவே தனி ஒருவருக்குச் சொல்லும் அறிவுரைக்கு ஓர் எல்லையும், ஒப்பீட்டுக்கு வேறோர் எல்லையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழ்ப் பெண்ணிடம் பேசும்போது 23-ஐயும், 80 சென்டிமீட்டர் வயிற்றுச் சுற்றளவையும் கருதுங்கள். சுலுப் பெண்ணிடம் பேசும்போது 25, 30 என்ற பொது எல்லைகளே பொருந்தும். வயிற்றுச் சுற்றளவிலோ, தென்னாப்பிரிக்க ஆய்வுகள் சில அவர்களுக்கு 90 சென்டிமீட்டரை ஒட்டிய எல்லையே பொருத்தம் என்று கூறியிருக்கின்றன. நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் ஒப்பிடும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவுகோலான 30-ஐப் பயன்படுத்துங்கள். எண்களில் குழம்புபவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 155 சென்டிமீட்டர் உயரமானவருக்கு அது 77.5. ஒரு கயிற்றை உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பார்க்கச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தமக்குத் தாமே அளந்துகொள்வார்.

என்னென்ன கேட்பது

"ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்" என்ற கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. பருமனானவர்கள் குறைத்தும், மெலிந்தவர்கள் கூட்டியும் சொல்வார்கள், அது மனித இயல்பு. இடத்தைப் பற்றிக் கேளுங்கள். விடை நேர்மையாக வரும், ஒப்பிடவும் உதவும். குடிநீர் வீட்டுக்குள் வருகிறதா, முற்றத்துக் குழாயிலா, தெருக் குழாயிலா, ஆற்றிலா? சமைப்பது மின்சாரத்திலா, எரிவாயுவிலா, விறகிலா? அருகிலுள்ள கடை எவ்வளவு தொலைவு, அதற்கு நடந்து போகிறீர்களா, மினிபஸ் டாக்சியிலா, காரிலா? அந்தக் கடையில் தக்காளியும் கீரையும் கிடைக்கின்றனவா, ஆண்டு முழுவதும் கிடைக்கின்றனவா? மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் தனியாக நடப்பீர்களா?

கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். நகரியங்களில் பல பெண்கள் நடைப்பயிற்சியைக் கைவிடுவதற்குச் சோம்பல் காரணமல்ல, வழிப்பறி அச்சமே காரணம். நடக்கச் சொல்லும் அறிவுரைத் தாள்களில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

உணவில் மூன்றை மட்டும், அதுவும் வீட்டுக் கணக்காகக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் உண்கிறீர்கள்? நான்கு பேருக்கு 2 லிட்டர் என்பது ஏறக்குறைய நியாயமான அளவு; அதே நான்கு பேருக்கு 5 லிட்டர் என்றால் பொரியலும் சமோசாவும் வடையும் எங்கோ கணக்கில் ஏறியிருக்கின்றன. மாதத்துக்கு எத்தனை கிலோ சர்க்கரை? வாரத்துக்கு எத்தனை பெரிய புட்டிக் குளிர்பானம்? சர்க்கரை சேர்த்த 330 மில்லிலிட்டர் கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே சிறந்தது என்கிறது உலக நல நிறுவனம். இந்நாட்டில் 2018 ஏப்ரல் முதல், 100 மில்லிலிட்டருக்கு 4 கிராமைத் தாண்டும் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் குளிர்பானங்கள்மீது தனி வரி விதிக்கப்படுகிறது. அந்த வரிக்குப் பிறகு பல நிறுவனங்கள் தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன என்பதால், புட்டியின் பின்புறத்தைப் படிக்கக் கற்பிப்பது பயனுள்ளது. கரும்பை வெட்டி வாழும் ஊரில் சர்க்கரை வரியைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆலை மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பும் அணையும் என்பதை அறிந்து பேசுங்கள்.

இன்னொன்றையும் நயமாகக் கேட்டறிய வேண்டும்: மெலிவதைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது? எச்ஐவி மிகுதியாகப் பரவிய மாநிலம் இது. மருந்து எட்டாத ஆண்டுகளில் திடீரென மெலிந்த பெண்ணைப் பார்த்து ஊர் என்ன பேசியது என்பதை நாட்டுப்புறப் பெண்கள் மறந்துவிடவில்லை. பருமன் என்பது நலத்தின் அடையாளமாகவும், கணவனும் மாமியாரும் நன்றாக வைத்திருப்பதன் அடையாளமாகவும் கருதப்படும் இடத்தில், "எடையைக் குறையுங்கள்" என்ற சொல் அச்சத்தையே தரும். அங்கே எடையைப் பேசாமல் இரத்த அழுத்தத்தையும் மூட்டுவலியையும் பேசுங்கள். நம் வீடுகளில் இதன் மறுபக்கமும் உண்டு: மகள் சற்றுப் பருத்தால் திருமணம் தட்டிப்போகும் என்று இடித்துரைக்கும் பெரியம்மாவே, அவள் மணமாகிப் போனபின் ஏன் இளைத்துவிட்டாய் என்று தட்டில் இன்னும் இரண்டு ரொட்டி வைப்பார்.

கணக்கில் ஏமாறாமல் இருக்க

இதுதான் பலரும் சறுக்கும் இடம் என்பதால் ஒரு கற்பனைக் கணக்கின் வழியே சொல்கிறேன். நகரத்தில் 100 பெண்களை அளந்தீர்கள் என்று கொள்வோம். அவர்களில் 60 பேர் நாற்பது வயதுக்குட்பட்டவர்கள், அந்த அறுபதில் 18 பேர் பருமனானவர்கள். மீதி 40 பேர் மூத்தவர்கள், அவர்களில் 24 பேர் பருமனானவர்கள். மொத்தம் 42 விழுக்காடு. நாட்டுப்புறத்தில் 100 பெண்களை அளந்தீர்கள். இளையவர்கள் 20 பேரே, அவர்களில் 5 பேர் பருமனானவர்கள். மூத்தவர்கள் 80 பேர், அவர்களில் 44 பேர் பருமனானவர்கள். மொத்தம் 49 விழுக்காடு. மேலோட்டமாகப் பார்த்தால் நாட்டுப்புறத்திலேயே பருமன் அதிகம் என்று தோன்றும்.

இப்போது வயதுவாரியாகப் பாருங்கள். இளையவர்களில் நகரத்தில் 30 விழுக்காடு, நாட்டுப்புறத்தில் 25. மூத்தவர்களில் நகரத்தில் 60, நாட்டுப்புறத்தில் 55. இரு வயதிலும் நகரமே முன்னிற்கிறது. இளம்பெண்கள் வேலை தேடி டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போய்விட, பேரப்பிள்ளைகளோடு பாட்டிகள் மட்டும் ஊரில் தங்கிவிட்டதால் வந்த மாயம் அது. இதைச் சரிசெய்ய, இரு இடங்களிலும் இளையவர் பாதி, மூத்தவர் பாதி இருப்பதாகக் கொண்டு மறுபடி கணக்கிடுங்கள்: நகரம் 45, நாட்டுப்புறம் 40. உண்மையான முகாமில் பத்து வயதுக்கு ஒரு பிரிவாகப் பிரிப்பது இன்னும் நல்லது.

அந்த ஐந்து புள்ளி வேறுபாட்டையும் பெரிதாகப் பறைசாற்ற வேண்டாம். 100 பேரில் கண்ட 40 விழுக்காடு என்பது, உண்மையில் 30-க்கும் 50-க்கும் இடையே எங்கேனும் இருக்கக்கூடும். இரு தொகுதிகளை ஒப்பிடும்போது 13, 14 புள்ளிக்குக் குறைவான வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கலாம். ஐம்பது பேரை மட்டும் அளந்திருந்தால் இந்தத் தடுமாற்றம் இன்னும் பெரிது. மேலும், வார நாளில் காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு வரக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்: ஓய்வுபெற்றவர்கள், வேலையில்லாதவர்கள், ஏற்கனவே நோயால் அஞ்சுபவர்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் வயலில் இருப்பவள் வரமாட்டாள். ஞாயிறு பிற்பகலில் ஒரு முகாமும் வார நாளில் ஒரு முகாமும் வைத்தால் இந்தக் கோணல் ஓரளவு நேராகும்.

இடத்துக்கேற்ற நடவடிக்கை

இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியவர்களையும், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோலை எட்டியவர்களையும் அவரவர் பகுதியிலுள்ள அரசு கிளினிக்குக்கு எழுத்துக் குறிப்போடு அனுப்புங்கள். அங்கே அடிப்படை மருத்துவம் இலவசம். அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் அன்றே அனுப்ப வேண்டும், கிளினிக் வரை போக டாக்சிக் கட்டணமும் முகாம் செலவில் இருக்கட்டும்.

நகரத்துக்கான முதல் வேலை, பெண்கள் கூட்டாக நடக்க ஓர் இடம். கோயில் வளாகம் காலை ஐந்தரை மணிக்குத் திறந்துதான் இருக்கிறது. அதைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பிரதட்சிணம் என்றால் மாமியாரும் மறுக்கமாட்டார். இரண்டாவது, கோயிலின் அன்னதானமே. சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம், வடை எனத் தட்டு முழுவதும் மாவும் எண்ணெயும் சர்க்கரையுமாக இருந்தால், மண்டபத்தில் சொன்ன அறிவுரையைப் பந்தியில் அழித்துவிடுகிறோம். பருப்பையும், சர்க்கரை அவரை (சுகர் பீன்ஸ்) எனப்படும் அவரை வகைக் குழம்பையும் கூட்டி, சோற்றைக் குறைத்து, குளிர்பானத்துக்குப் பதில் மோரோ தண்ணீரோ வைக்கலாம். ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் புளித்த கஞ்சியைக் கைவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். நம் உணவுகளில் அது குற்றமற்றவற்றுள் ஒன்று, அதோடு தொட்டுக்கொள்ளும் பலகாரம்தான் சிக்கல்.

நாட்டுப்புறத்தில் நடக்கச் சொல்வது நகைப்புக்கிடமாகும். தெருக் குழாயிலிருந்து நீர் சுமப்பவளுக்கு நடைப்பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை. அங்கே கடைதான் சிக்கல். ஸ்பாசா எனப்படும் சிறு வீட்டுக் கடையில் சோளமாவு, ரொட்டி, சர்க்கரை, எண்ணெய், உறைந்த கோழி, குளிர்பானம் ஆகியவை என்றும் கிடைக்கும். காய்கறியோ டர்பன் சந்தைக்குப் போய்ச் சுற்றிவந்து, வாடியும் விலையேறியும் வந்துசேரும். சுற்றிலும் வளமான மண், அதில் முழுவதும் கரும்பு. ஆகவே பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து மாதம் இருமுறை மொத்த விலைக்குக் காய்கறியும் உலர்ந்த அவரையும் பருப்பும் வாங்கிப் பங்கிடும் ஏற்பாடு செய்யுங்கள். காய், பழம், அவரை, பயறு, டின் மத்தி, முட்டை, பழுப்பு ரொட்டி ஆகியவற்றுக்கு 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி இல்லை. வெள்ளை ரொட்டிக்கும் குளிர்பானத்துக்கும் உண்டு. மாதத் தொடக்கத்தில் அரசு உதவித்தொகை வரும் நாளுக்கு முன்பே இந்தக் கொள்முதலைத் திட்டமிட்டுவைத்தால், பணம் முதலில் எங்கே போகும் என்பது மாறும். கோயிலுக்கு நிலம் இருந்தால் ஒரு மூலையில் கீரையும் முருங்கையும் அவரையும் வையுங்கள். வேலி முதலில், விதை பிறகு. அப்பகுதிக் குரங்குகளைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்டால் ஏனென்று சொல்வார்கள்.

நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த நடுத் தொகுதிக்குத் தனிக் கவனம் தேவை. வயலில் உழைத்தபோது உண்ட அளவையே, அலுவலகத்தையோ கடையையோ துப்புரவு செய்யும் வேலைக்கு வந்தபின்னும் உண்பதும், இரண்டு டாக்சி மாறிப் பயணம் செய்து இரவில் களைத்து வந்து ஆயத்த உணவை வாங்குவதும் இவர்களிடையே பொதுவானவை. வந்து முதல் சில ஆண்டுகளில் எடை ஏறுகிறதா என்பதை உங்கள் படிவத்திலுள்ள "எத்தனை ஆண்டுகளாக" என்ற கேள்வியே காட்டும். அப்படிக் காட்டினால், ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்களைக் கோயிலுக்கு வரும் முதல் ஆண்டிலேயே தேடிப் பிடித்து அளவெடுக்கத் தொடங்குங்கள்.

முடிவுகளை அளவெடுத்த பெண்களிடமே முதலில் சொல்ல வேண்டும். கோயில் நிருவாகக் குழுவுக்கும் வானொலிக்கும் அதற்குப் பின்பு. சொல்லும்போது இரு இடங்களின் விழுக்காட்டை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் வயதுப் பிரிவையும் அளவெடுத்தவர்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். மறு ஆண்டு அதே மாதத்தில், அதே கருவியோடு, இயன்றவரை அதே பெண்களையே அளவெடுங்கள். வராமல் போனவர்களின் வீட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள். எடை ஏறியவர்கள்தான் பெரும்பாலும் வருவதில்லை என்பதால், வந்தவர்களின் சராசரியை மட்டும் பார்த்தால் ஊரே இளைத்துவிட்டது போலத் தோன்றும்.